எலியாவின் காதில் விழுந்தது

பெயர் இனியன், தகப்பனார் பெயர் கிட்டுசாமி, வயது 44, சொந்த ஊர் பொள்ளாச்சி, தற்போது டெக்சாஸ் மாநிலம் காப்பெலில் குடியிருப்பு, மென்பொருள் வேலை. தான்சானியாவில் சஃபாரி வண்டி ஓட்டிய எலியா என்பவர் மீதான வழக்குக்காக, காப்பெலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், நோட்டரி முன்பாக, சுவாஹிலி மொழிபெயர்ப்பாளரும் உடனிருக்க, தமிழில் நான் சொல்லி எழுதப்பட்டது.

வெளியே போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காதோ என்று பயந்து பதினோரு வருடம் நாங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போகவில்லை. கிரீன் கார்டு வந்த பிறகு என் மனைவி சாரதா ஆப்பிரிக்கா போக ஆசைப்பட்டாள். மார்ச் கடைசியில் மழை பிடித்துவிடும், ஜூனில் போகலாம் என்று அவள் சொன்னாள். ஜூனில் எனக்கு ஆபீசில் மென்பொருள் ரிலீஸ் இருந்ததால், மகள் வெண்பாவின் பள்ளி ஸ்பிரிங் பிரேக் விடுமுறையிலேயே 2024 மார்ச்சில் போனோம். அந்த முடிவு என்னுடையது.

முதல் நாள் சாரதா வண்டியின் உயரமான படியில் ஏறும்போது எலியா "போலே போலே" என்றார். அவர்கள் மொழியில் மெதுவாக என்று அர்த்தம். சாரதா சிரித்துக்கொண்டு, "ஏங்க, இவரும் உங்கள மாதிரியே போலாம் போலாம்னு அவசரப்படுத்தறாரு" என்றாள். அதன் பிறகு பள்ளம் வரும்போதெல்லாம் அவள் விளையாட்டாக "போலாம் போலாம்" என்பாள், அவரும் சிரித்தபடி வேகத்தைக் குறைப்பார். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையிலிருந்து மழை. விலங்கு எதுவும் கண்ணில் படவில்லை. பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு முகாமுக்குத் திரும்பும் வழியில், காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை சாலையை மூடிக்கொண்டு ஓடியது. எலியா இறங்கிக் கம்பால் ஆழம் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, கடப்பதா, வந்த வழியே திரும்புவதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாரதா முன் சீட்டில் இருந்தாள். வெண்பாவும் நானும் பின்னால் இருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. நான் சாரதாவிடம், "வேண்டாம்மா, போலாம், போலாம்" என்று சொன்னேன். திரும்பிப் போகலாம் என்பதுதான் என் எண்ணம். அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

எலியா "ஓகே, போலே போலே" என்று சொல்லி கியர் போட்டார். வண்டியைத் திருப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினார். நடு ஓடையில் இன்ஜின் நின்றது. அதன் பிறகு தண்ணீர் வண்டியைத் தூக்கிச் சாய்த்தது. நான் கூரைக் கதவைத் திறந்து வெண்பாவை அதன் வழியாக மேலே தள்ளி, நானும் ஏறினேன். சாரதா எங்கே போனாலும் சீட் பெல்ட் போடுகிறவள். எலியா இரண்டு முறை முங்கினார். இரண்டாம் முறை உள்ளங்கை கிழிந்து அவள் துப்பட்டாவோடு மேலே வந்தார். மறுநாள் காலை வண்டியை இழுத்த பிறகுதான் அவளைப் பார்த்தேன்.

கரையில் எலியா என் எதிரே சேற்றில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப "போலே, போலே" என்றார். மெதுவாகத்தான் ஓட்டினேன் என்று சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவரைக் கன்னத்தில் அறைந்தேன். அவர் கையை உயர்த்தவில்லை. அதன் பிறகு அங்குள்ள போலீசிடம், திரும்பச் சொல்லியும் கேட்காமல் வண்டியை இறக்கினார் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். அதை வைத்து அவர் லைசென்ஸ் போனது, வழக்கும் நடக்கிறது.

போன மாதம் ஒரு நாள் காரில் கிளம்பும்போது வெண்பாவிடம் "போலாமா" என்று கேட்டேன். அவள் ஏறவில்லை. "அப்பா, ஹி தாட் யூ மென்ட் போலே போலே. அம்மா டாட் ஹிம் தட்" என்றாள். சாரதா விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி, 'போலாம்' என்றால் மெதுவாக என்றே அவருக்குப் பழகியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவள் இதைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நான் அன்று வேலைக்குப் போகவில்லை.

எலியா என் பேச்சை மீறவில்லை. நான் சொன்னதாக அவர் நினைத்ததைச் செய்தார். என் முந்தைய வாக்குமூலம் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

'போலே' என்றால் அந்த மொழியில் வருந்துகிறேன் என்றும் பொருள் உண்டு, துக்க வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்று இன்று இந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது. அறைந்த விஷயம் வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

(ஒப்பம்) கி. இனியன்