மறைவுத் தேதி

பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவை நகத்தால் சுரண்டி எடுக்கக் கூடாது சார். பூக்கட்டுகிற நூலை அதன் முதுகுப் பக்கமாகக் கொடுத்து, இரண்டு கையாலும் மெதுவாக அறுத்துக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டால் முகம் பிய்ந்துவிடும். எனக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. நூலுக்கும் பஞ்சமில்லை, பொறுமைக்கும் பஞ்சமில்லை.

நீங்கள் ஏணியைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

அப்பா இறந்த மறுவருடம் அம்மாவுக்கு மறதி வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவில் போய் நிற்பாள். திருநெல்வேலியில் காட்டினேன். பழைய போட்டோக்களைப் பெயர் சொல்லிச் சொல்லிக் காட்டுங்கள், இருக்கிற ஞாபகமாவது தங்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டேன். பரணில் ஒரு தகரப் பெட்டி நிறையப் போட்டோ இருந்தது. மார்க்கெட் வேலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு உட்காருவேன். ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்கேன் செய்து, பூஞ்சை பிடித்ததைக் கம்ப்யூட்டரில் சரி பண்ணுவேன். மொத்தத்தையும் பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகிவிட்டால் ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். அம்மா கட்டிலில் இருந்தபடியே பார்ப்பாள்.

ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டேன். அப்போதுதான் ஒன்று தெரியவந்தது. என் தங்கை மாரிசெல்வி ஃபோல்டரில் இருநூற்றுப் பதினான்கு படம். என்னுடையதில் அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றிலும் நாற்பதில் அவள் இருக்கிறாள். ஒரு ஆடித்தபசுத் திருவிழாவில் எடுத்த படத்தில் அவள் அம்மாவின் இடுப்பில் இருக்கிறாள், நான் ஓரத்தில் நிற்கிறேன், பாதித் தோள்தான் தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்ததால் சொல்கிறேன்.

செல்வி 2009இல் வீட்டுக்குத் தெரியாமல் கண்ணனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். இனி வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா இறந்ததைக்கூடக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னேன். வாரம் ஒருமுறை போன் செய்வாள். அம்மாவுக்கு உன்னைப் பார்க்க இஷ்டமில்லை என்பேன். அழுதுகொண்டே வைத்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே நான் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவள்.

பெத்து என்றுதான் அம்மா என்னைக் கூப்பிடுவாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்பாள். “ஏலே பெத்து, செல்வி வந்துட்டாளா?”

பீ மூத்திரம் அள்ளுகிறவன் நான். தலை வாரிப் பின்னிவிட்டு, பிச்சிப்பூ வைத்துவிடுகிறவனும் நான்தான். பின்னிக்கொண்டிருக்கும்போதே கேட்பாள். எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வரும். ஒருநாள், “செல்வி செத்துட்டாம்மா” என்றேன். நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள். நான் மடியில் சாய்த்துக்கொண்டேன். அன்று முழுக்க அவள் என் கையை விடவேயில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் கேட்டாள்.

அதனால்தான் ஒரு படம் தேவைப்பட்டது. செல்வி பிளஸ் டூ படிக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கினேன். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். என் கடையில் கட்டின மாலை ஒன்றைப் போட்டோ எடுத்து, அதையே கம்ப்யூட்டரில் அவள் படத்துக்குப் போட்டேன். கீழே தோற்றம் என்று பிறந்த தேதியும் மறைவு என்று அவள் வீட்டை விட்டுப் போன தேதியும் எழுதினேன். வேறு தேதி போட எனக்கு மனம் வரவில்லை. பத்துப் படத்துக்கு ஒருமுறை அது வரும்படி வைத்தேன். இரண்டு மாதத்தில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தப் படம் வந்தால் கும்பிடுவாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீயாவது இருக்கியே மக்கா” என்பாள். அதைக் கேட்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன்.

எதிர்வீட்டுப் பூமாரி ஒருநாள் தட்டில் பணியாரம் கொண்டுவந்தாள். டிவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி, செல்விக்கு மாலை போட்டிருக்கு? எப்பம்? ஒரு வார்த்தை சொல்லலியே?”

“டாக்டர் சொல்லித்தான்” என்றேன்.

அவள் மாத்திரை டப்பாவைப் பார்த்தாள், கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் வீட்டு ஜன்னல் எப்போதும் ஒரு சாண் திறந்தே இருந்தது. அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூட நான் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் ஊட்டினேன். செல்விக்குப் போன் செய்தது அவளாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் செல்வி வந்துவிட்டாள். பையோடு வாசலில் நின்றாள். பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஆனாலும் அம்மாவுக்கு முகம் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் வினை. கட்டிலை விட்டு எழுந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“பெத்து, அவளை உள்ள விடாதலே. செத்தவ வந்து நிக்கா. கதவைச் சாத்துலே.”

என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஐந்து நிமிடம் போல என் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை.

செல்வி திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் டிவியில் தன் படத்தைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அம்மாவுக்கு நேராக நீட்டினாள்.

“காலைப் பாரும்மா. பேய்க்குக் கால் கெடையாதுல்லா? தொட்டுப் பாரு.”

அம்மா மெதுவாக வெளியே வந்து குனிந்தாள். செல்வியின் வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தன் தலையிலிருந்த பூவில் பாதியைப் பிய்த்து அவள் தலையில் வைத்தாள். நான் வைத்துவிட்ட பூ அது. வைத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏலே, நீ எதுக்கு அப்படிச் சொன்ன?”

காலையில் சாப்பிட்டது என்னவென்று தெரியாதவளுக்கு, நான் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது.

செல்வி எழுந்து நின்றாள். “இன்னைக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். போட்டோப் பெட்டியையும் எடுத்துட்டுப் போறேன். ஒன்ன நம்பிட்டேம்லா அண்ணே” என்றாள். எனக்கு முதுகுவலி, பெட்டி பரணில் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்றேன். அடுப்படியில் ஏணியைச் சாத்தி வைத்தேன். கீழே பழைய ஆட்டுரல் கிடந்தது. அது எப்போதும் அங்கேதான் கிடக்கும், நான் கொண்டுவந்து போட்டதல்ல.

“ஏணியைப் பிடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு ஏறினாள். அப்போதும் நம்பினாள்.

ஏணி வழுக்கிவிட்டது என்று நேற்று சொன்னேன். அது சரியில்லை. அவள் பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். வாங்கினேன். போட்டோ சிதறிவிடக் கூடாது என்று சுவரோரமாகப் பத்திரமாக வைத்தேன். திரும்பி வந்து ஏணியின் காலை என் காலால் தள்ளினேன். ஒரு தடவைதான் தள்ளினேன். அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தில் மறைவுத் தேதியைத் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். பத்து நிமிடம் இருக்கும். பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்தேன், ஒன்றும் சேதமில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், வீடு நிறைய ஆள் நிற்கும்போது, அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள். “இப்பம் இங்கனதானே இருந்தா செல்வி. எங்கலே?”

“செல்வி செத்துட்டாம்மா” என்றேன்.

பெற்ற தாயிடம் பொய் சொன்னவன் என்று பூமாரி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அன்றைக்கு நான் சொன்னதில் பொய் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.