ரெண்டு வருஷம் தாங்கும்

ஹலோ… ஹலோ… மாப்ள, கேக்குதா?… நான்தான், ஃபெர்மின்… உன் பொண்டாட்டியோட அண்ணன். வேற எத்தன ஃபெர்மினத் தெரியும் உனக்கு?… ஆமா, ஆமா, எல்லாரும் நல்லா இருக்கோம்… இல்ல, நல்லா இல்ல. வண்டி ஆடுது.

செவர்லேதான்… ஆமா, எஞ்சின்தான். காலையில இருந்து… சும்மா ஆட்டமில்ல மாப்ள. டாஷ்போர்டுல சிலையா நின்னுட்டிருந்த கரிதாத் மாதா இறங்கி வந்து என் மடியில உக்காந்துட்டா.

சிரிக்காத… ஓஸ்மெல், சிரிக்காதன்னேன். உனக்கென்ன, கடல் தாண்டி டாம்பாவுல கம்ப்யூட்டர் ஒயரச் சொருகி எஞ்சினுக்கு நாடி பாக்கற. எனக்கு நீதான் கம்ப்யூட்டர். கரும்பாலைய மூடினப்ப தூக்கிப் போட்ட பம்ப்செட் எஞ்சின், ரஷ்ய டிராக்டரோட கிளட்ச், கியர்பாக்ஸ் எதோடதுன்னு ஆண்டவனுக்கும் உனக்கும்தான் வெளிச்சம். இதுக்குள்ள என்ன இருக்குன்னு நம்ம க்ரூசெஸ் ஊர்ல எந்த மெக்கானிக்கக் கேட்டாலும் கையெடுத்துக் கும்புடறான். ஓஸ்மெலக் கேளுங்கறான்.

சரி, சீக்கிரம் கேளு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல கரண்ட் போயிரும். கரண்ட் போனா பத்து நிமிஷம், அதுக்கப்புறம் டவரும் செத்துரும்… இல்ல, நாளைக்குப் பேச முடியாது. நாலு மணிக்கு உன் பொண்டாட்டி நெரேய்தா சியென்ஃபுயெகோஸ்ல ஆஸ்பத்திரிப் படுக்கையில இருக்கணும்… ஆமா, டயாலிசிஸ். சனிக்கிழமை முறைய விட்டாச்சு, டீசல் கிடைக்கல. நேத்துதான் கொஞ்சம் கிடைச்சுது. இன்னிக்குச் செவ்வாய். கால் ரெண்டும் வீங்கி, செருப்பு நுழைய மாட்டேங்குது. இன்னிக்கும் விட்டா… நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆம்புலன்ஸா? அது டீசல் இல்லாம நிக்குது… குதிரை வண்டியில முப்பது கிலோமீட்டரா? போய்ச் சேர்றப்போ குதிரைக்கே டயாலிசிஸ் வேணும்… ம்… இந்த வண்டிய விட்டா வேற வழியில்ல. அதான் உன்னக் கூப்பிட்டேன்.

பாத்துட்டேன்… மவுண்டிங் ரப்பர் நாலும் பாத்துட்டேன். போன மாசம்தான் லாரி டயர அறுத்துப் புதுசாப் போட்டேன். போல்ட்டு எதுவும் லூஸ் இல்ல… ஃபேன் ரெக்கை ஒடையல. ஃபேன் பெல்ட்டக் கழட்டிட்டே ஓடவிட்டுப் பாத்தேன், ஆட்டம் அப்படியேதான்… டீசல் பீச்சற நாசிலும் பாத்தேன். ஒவ்வொண்ணா நட்ட லூஸ் பண்ணிப் பாத்தேன். நாலு சிலிண்டரும் வேலை செய்யுது. எதைத் தளர்த்தினாலும் எஞ்சின் தடுமாறுது, ஆனா அந்த ஆட்டம் தனியா அது பாட்டுக்கு நிக்குது… ஆமா. நின்ன இடத்துலயும் ஆடுது, ஓடறப்பவும் ஆடுது.

இரு, போன எஞ்சின் மேல வைக்கிறேன். கேளு. உபால்தோ! ஸ்டார்ட் பண்ணு!… பக்கத்து வீட்டு உபால்தோதான், ஸ்டியரிங்ல உக்காந்திருக்கான்… இந்தா, கேளு…

…

கேட்டியா?… ஹலோ… ஓஸ்மெல்?… இன்னொரு தடவையா? சரி, கேளு…

…

இப்ப?… கிளட்ச்சையா? இரு. உபால்தோ, கிளட்ச்ச மிதி!… மாறுது மாப்ள. மிதிச்சா டங்குடங்குன்னு உள்ளேருந்து அடிக்குது. விட்டா அடங்குது, ஆனா ஆட்டம் இருக்கு… ஆமா… ஆமா, நிச்சயமா… பின் பக்கமாவா? ஆமா, பின் பக்கம்தான். ஃப்ளைவீல் பக்கம்.

ஆயில் கேஜா? அது ரெண்டு வாரமாவே இறங்கித்தான் காட்டுது. கேஜ் பொய் சொல்லுதுன்னு விட்டுட்டேன்… சாக்பீஸா? எதுக்கு?… முன் புல்லியில வச்சா? இரு… உபால்தோ, அப்படியே ஓடட்டும், கையத் தட்டிவிட்டுறாத… வச்சேன்… நிறுத்துடா… ம்… ஒரு பக்கம்தான் கோடு விழுந்திருக்கு. சுத்தி விழல. பாதி புல்லியில வெள்ளையே இல்ல…

அப்படின்னா எஞ்சினுக்குள்ள நடுத்தண்டே கோணலாச் சுத்துது. கிராங்கா?… ஓஸ்மெல், கிராங்கான்னு கேட்டேன்.

டேய் உபால்தோ! கதவ அடிச்சுச் சாத்தாத, அது என்ன உங்க வீட்டு ஃப்ரிட்ஜா!… உன்னச் சொல்லல மாப்ள. இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் கார் கதவச் சாத்தத் தெரியாது. உன் பொண்டாட்டி ஒருத்திதான் மெல்லச் சாத்துவா, கேட்டுக்க.

சொல்லு… என்ன சொல்லு சொல்லுங்கறது, நீதான் சொல்லணும்… ஒரு நிமிஷம். இரு, இரு. ஒண்ணு கேக்கறேன். ரப்பரு, ஃபேனு, நாசிலெல்லாம் நானா சொன்னேன். நீ அதுல எதையும் கேக்கல. சத்தத்தக் கேட்ட. நேரா கிளட்ச்சுன்ன, ஃப்ளைவீல் பக்கமான்ன, கேஜ் இறங்குதான்ன. தேடறவன் இப்படிக் கேக்க மாட்டான் மாப்ள. வச்ச பொருள வச்ச எடத்துல தேடறவன்தான் இப்படிக் கேப்பான்.

என்ன வச்ச அங்க?

…

வெல்டிங்கா?

இல்ல, புரியல. திரும்பச் சொல்லு… இந்தத் தீவுல வெல்டிங் வைக்காதது எது இருக்கு? கதவுல இருக்கு, சேசிஸ்ல இருக்கு, என் வாணலியில இருக்கு. கிராங்குலயா? ஓஸ்மெல், சுத்தற கிராங்குலயாடா வச்ச?

எப்ப?… நான் பேரிங் தேடி சாந்தா க்ளாரா போனப்பவா? மூணு நாள் ஊர் ஊரா அலைஞ்சு வெறுங்கையோட வந்தேன். வந்தா எஞ்சின் ஓடிட்டிருக்கு. என் மாப்ள மந்திரவாதின்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்… விரிசல் இருந்துச்சா? அப்பவே இருந்துச்சா?… வேற கிராங்க் கிடைக்காதுன்னு எனக்கும் தெரியும். அந்த எஞ்சினச் செஞ்ச நாடே இப்ப மேப்புல இல்ல. அது வேற. நீ ஏன் எங்கிட்ட சொல்லல?

நீ கிளம்பற நாள் பன்னி சுட்டோம். ரம் ஊத்தினோம். என் தோள்ல கையப் போட்டு என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா? "மச்சான், ரெண்டு வருஷத்துக்கு பானெட்டையே திறக்க வேண்டாம்"ன்ன… வேலையப் பத்திப் பெருமை பேசறான்னு நினைச்சேன்டா. கெடு சொல்லியிருக்க. அது எனக்கு விளங்கல.

ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு.

…ம்… ம்… என்ன கணக்கு? சொல்லு, கேக்கறேன்… ரெண்டு வருஷத்துல அங்க தங்கறதுக்குக் காகிதம் கைக்கு வந்துரும், அவளக் கூப்பிட்டுக்கலாம், அதுக்கப்புறம் வண்டி போனா போகட்டும்னா? அப்ப அவளுக்குக் கிட்னி நல்லா இருந்துச்சு, சரி. ஒத்துக்கறேன். போன வருஷம் கெட்டுப் போச்சே? வாரத்துக்கு மூணு தடவ இதே வண்டியிலதான் போறான்னு உனக்குத் தெரியுமே? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேசினியே, ஒரு தடவ சொல்ல வாய் வரலயா?… சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனா? வேற எதுல கூட்டிட்டுப் போயிருப்பேன்… ஆமா. வேற வழி இருந்திருக்காது. இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல.

காகிதம் என்னாச்சு?… இன்னும் இல்லையா… இந்த வருஷமாவது?… சரி விடு.

அழாத. நீ அழுது என்ன ஆகப் போகுது. முப்பது கிலோ இரும்ப நீ எந்தப் பொட்டலத்துல வச்சு அனுப்புவ, அனுப்பினாலும் எதோடத அனுப்புவ… தெரியும். தெரியும் மாப்ள.

ம்?… என்னது?

யாரு லாந்தர் பிடிச்சா?

…

நெரேய்தாவா?

நீ வெல்டிங் வைக்கிறப்ப அவளா லாந்தர் பிடிச்சா? அவளுக்குத் தெரியுமா?… அவதான் சொல்ல வேண்டாம்னாளா… தெரிஞ்சா அண்ணன் உன்னப் போக விட மாட்டான்னா… ஆமா. விட்டிருக்க மாட்டேன். வேற கிராங்க் கொண்டு வந்து வச்சிட்டு அப்புறம் கப்பலோ ப்ளேனோ ஏறுடான்னு கையப் புடிச்சு உக்கார வச்சிருப்பேன். நீ இங்கயே இருந்திருப்ப.

அதான் வேண்டாம்னிருக்கா.

ஒரு வருஷமா என் பக்கத்து சீட்ல உக்காந்து வர்றா மாப்ள. பள்ளம் வந்தா மட்டும் கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுக்குவா. ஒடம்பு முடியல, அதான்னு நான் இன்னும் மெதுவா ஓட்டுவேன். நாங்க பேசாத பேச்சில்ல. இதப் பத்தி மூச்சு விடல.

உபால்தோ, என்ன?… கரண்ட் போயிடுச்சாம். சரி, நேரமில்ல. நேராச் சொல்லு. போகுமா, போகாதா?… தெரியாதுன்னா என்ன பதில்? நீதானே ஒட்ட வச்ச… பத்து கிலோமீட்டரும் போகலாம், பத்து மாசமும் போகலாமா… உடைஞ்சா?… எஞ்சினே கிழிஞ்சுருமா. அதோட வண்டி முடிஞ்சுது… ம். நாளை மறுநாள் முறைக்கும் வண்டி இல்ல. அதுக்கடுத்த முறைக்கும் இல்ல… புரியுது. போனா வண்டி போகலாம். போகலன்னா அவ.

இரு, வர்றா.

…மஞ்சள் கவுன் போட்டிருக்கா, நீ அனுப்பினது. பையில துண்டு, தண்ணி பாட்டில். உபால்தோ பொண்டாட்டி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றா… நெரேய்தா, மெதுவா வா… ஆமாம்மா, ஓஸ்மெல்தான்… ஒண்ணுமில்ல. வண்டி கொஞ்சம் ஆடுது, அதான் கேட்டுட்டிருந்தேன்… ரப்பராம். ரப்பர்தானாம். ஏறு.

மாப்ள… கேட்டியா?… ஒண்ணும் கேக்கலல்ல? கதவச் சாத்திட்டா. பஞ்சு மேல பஞ்ச வைக்கிற மாதிரி சாத்தறா. என் வாய்க்குப் பயந்துதான் மெல்லச் சாத்தறான்னு நினைச்சிட்டிருந்தேன்டா. போறவர்ற சவாரியெல்லாம் இவளப் பாத்துக் கத்துக்கணும்னு சொல்லுவேன்.

அவகிட்ட குடுக்கவா?… ஏன்?… சரி. பேச வேண்டாம்.

அப்ப ஒண்ணு செய். டவர் சாகற வரைக்குமாவது போன வைக்காத. டாஷ்போர்டுல மாதா பக்கத்துல வைக்கிறேன். இருபதுல போறேன், அதுக்கு மேல அமுக்கல. கிளட்ச்ச அதிகம் மிதிக்கல. நீ சத்தத்தக் கேட்டுட்டே வா. மாறுச்சுன்னா சொல்லு, அந்த நிமிஷமே நிறுத்திடறேன். இங்க உக்காந்திருந்தா என்ன செய்வியோ அத அங்க உக்காந்து செய். அவ்வளவுதான் கேக்கறேன்.

ஸ்டார்ட் பண்றேன்… ம்… கேக்குதா?… சரி… பால்பண்ணை தாண்டியாச்சு… இப்ப?… பரவாயில்லையா?… சரி, சரி… ரயில் கேட்டு வருது, மெதுவா ஏத்தறேன்… நெரேய்தா, புடிச்சுக்க… ஏறிட்டேன்… இப்ப?… ஓஸ்மெல்?… என்ன, விட்டு விட்டுக் கேக்குது… கொஞ்சம் சத்தமாச் சொல்லு… என்ன?… நிறுத்தவா சொன்ன?… மாப்ள, நிறுத்துன்னா, இல்ல போன்னா?… ஹலோ… ஹலோ… ஓஸ்மெல், நிறுத்தவா?… ஹலோ…