பச்சைமலைப் பாதையில் டாக்டர் தஹ்ஸீன்

துயரம் தோய்ந்த முகத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, ஜமாஅத்துப் பெரியவர்களே, வேலையை விட்டுவிட்டு காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்திருக்கும் சுமைதூக்கும் தோழர்களே, மலையூர்களிலிருந்து பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும், டாக்டர் தஹ்ஸீனின் கணவர் தம்பி நவ்ஷாத் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பீமராவின் வணக்கம்.

வயதில் மூத்தவன் நான்; என் இரங்கல் கூட்டத்தில் டாக்டர் தஹ்ஸீன் பேசியிருக்க வேண்டும். அவருடைய கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இது என்ன நியாயம்?

திருச்சியில் ஒரே அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் இருவரும் பணியாற்றினோம். மலையிலிருந்து வருகிறவர்களை அவர்தான் முதலில் பார்ப்பார். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கால் கறுத்துப்போய் வருவார்கள். வெயிலில் மலையேறிச் சுருண்டு விழுந்து, உடம்பு கொதிக்க வருவார்கள். பலருக்கு வரும்போதே நாடி இருக்காது. ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சார், இவங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சாகல. வழியிலேயே செத்துட்டு வர்றாங்க. நாமதான் வழிக்குப் போகணும்."

போனார்! சொன்னதோடு நிற்கவில்லை, போனார்! ஞாயிறு தவறாமல் மருந்துப் பையோடு பச்சைமலை ஏறினார். கடிவாயைக் கீறாதீர்கள், கட்டுப் போடாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். "கட்டலன்னா விஷம் தலைக்கு ஏறிடாதா டாக்டரம்மா?" என்று ஒரு தாய் கேட்டார். "கட்டினா காலும் போயிடும்மா. ஆளை நடக்க விடாதீங்க, அசையாம படுக்க வச்சுத் தூக்கிட்டு வாங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். மரவள்ளிக் காட்டில் கடிபட்ட வீரமலையை அப்படித்தான் தூக்கி வந்தார்கள். இதோ, அந்தக் கதவருகே இரண்டு காலில் நிற்கிறார்!

சென்ற மாதம் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பிச்சமுத்து அவர்கள், மனைவி மயிலம்மாளோடும் உறவினர்களோடும் மலைக்கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போனார். மரத்தடியில் பொங்கல் வைத்தார்கள். மேலே கதண்டுக் கூடு இருந்தது யாருக்கும் தெரியாது. புகை பட்டதும் கதண்டுகள் கிளம்பிவிட்டன. குளவியைவிடப் பெரியவை, விடாமல் துரத்திக் கொட்டுபவை. அந்த வழியாக இறங்கி வந்த தஹ்ஸீன் அலறல் கேட்டு அந்த மரத்தடிக்கே ஓடினார். "கையை வீசாதீங்க! முகத்தை மூடிக்கிட்டுக் கீழே ஓடுங்க!" என்று கத்தினார். தானும் கொட்டு வாங்கிக்கொண்டே, விழுந்து கிடந்த மயிலம்மாளைத் தன் துப்பட்டாவால் போர்த்தி இழுத்து வந்தார்.

மயிலம்மாளுக்கு உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு அடைத்தது. பையில், அடைத்த மூச்சைத் திறக்கும் அட்ரினலின் ஊசி மருந்து இரண்டே இரண்டுதான் இருந்தது. முதல் ஊசியைத் தொடையில் போட்டார். சற்று நேரம் பார்த்தார். மூச்சு திரும்பவில்லை.

"டாக்டரம்மா, உங்க மூஞ்சியும் வீங்கியிருக்கு. இதை நீங்க போட்டுக்குங்க" என்றிருக்கிறார் பிச்சமுத்து.

"எனக்கு மூச்சு வருது. உங்க வீட்டம்மாவுக்கு வரல. காலைப் பிடிங்க."

இரண்டாவது ஊசியில் மயிலம்மாள் பிழைத்தார். பாதி வழி இறங்கியதும் தஹ்ஸீன் வாந்தியெடுத்துச் சாய்ந்தார். அந்த நிலையில் ஒருவரை மட்டமாகப் படுக்க வைத்துத்தான் தூக்க வேண்டும். உட்கார வைத்தாலோ மடக்கினாலோ இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. ஸ்ட்ரெச்சர் ஏது? மூங்கில் கழியில் புடவையைக் கட்டித் தூளியாகத் தூக்கினார்கள். தூளியில் உடம்பு வளையத்தானே செய்யும்? அது அவருக்குத் தெரியாதா? தெரியும்! "வேற வழியில்ல, தூக்குங்க" என்று சொன்னதும் அவர்தான். சாலை கண்ணுக்குத் தெரிந்தபோது மூச்சு நின்றுவிட்டது. கீழே நின்ற ஆம்புலன்ஸில் அந்த மருந்து இருந்தது, ஐயா! இருந்தது!

"நாங்கதான் கொன்னுட்டோமா சார்?" என்று பிச்சமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இல்லை. இந்தச் சபை முன்னால் சொல்கிறேன், இல்லை! நீங்கள் அவரைச் சுமந்தீர்கள். மருந்தும் ஸ்ட்ரெச்சரும் மலைமேல் இருந்திருந்தால் அவரும் இருந்திருப்பார்.

தம்பி நவ்ஷாத்தும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தனக்குன்னு ஒன்னு எடுத்து வச்சிருக்கக் கூடாதா சார்?" எடுத்து வைத்திருந்தால் இன்று வேறொரு வீட்டில் இழவு விழுந்திருக்கும். அதைச் சொல்லி ஒரு கணவனைத் தேற்ற முடியுமா?

அவர் தொடங்கியதை நாம் முடிப்போம். மலையூர் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு மருந்துப் பெட்டி, ஊசி போடப் பழகிய செவிலியர் ஒருவர். இவை வரும்வரை நான் ஓயமாட்டேன். வரும் ஞாயிறு மலையில் முதலுதவிப் பயிற்சி உண்டு. முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவர் மயிலம்மாள். அவர் இன்னும் அந்தப் பாதையை நினைத்தாலே நடுங்குகிறார். ஆனாலும் வருகிறார்.

இப்போது மௌனமாக எழுந்து நிற்போம். மௌனம் முடிந்ததும், மலைக்கு வர இயலாதவர்கள் உட்காருங்கள், தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு மலையேறுகிறவர்கள் மட்டும் நின்றுகொண்டே இருங்கள். நவ்ஷாத் உங்களைப் பார்க்கட்டும்.