கீழ்வீட்டுச் சாமி படம்

திருச்செங்கோடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“நாங்க குளிச்ச தண்ணி அவங்க சாமி படத்து மேல சொட்டியிருக்குதுங்கக்கா.”

“ஆரு, கீழ வாடகைக்கு இருக்கறவங்களா?”

“ஆமாங்க. ஷவர் தண்ணி டைல்ஸ் சந்துல எறங்கியிருக்குது. ஒரு வார்த்தை சொல்லலை. படத்தையெல்லாம் சமையல்கட்டுல வெச்சுக் கும்பிட்டிருக்கறாங்க. போன வாரம் கீழ போனப்பத்தான் பார்த்தேன்.”

“சொன்னா ஊட்டைக் காலி பண்ணச் சொல்லீருவீங்கன்னு பயந்திருப்பாங்க.”



“டைல்ஸை ஒடைச்சு வாட்டர்ப்ரூப் அடிச்சாச்சு. இப்ப ஒரு சொட்டு எறங்கறதில்லை.”

“அப்புறமென்ன?”

“நேத்து அந்தம்மா சுண்டலோட படியேறி வந்துச்சு. ‘சரி பண்ணிக் குடுத்தீங்க, ரொம்ப நன்றிங்க’ன்னுது. வாங்கறதுக்குக் கை நீட்ட முடியலைங்கக்கா.”