ஷோரூமில் பார்த்த சிவப்புக் கார்

மங்கலம் பஸ்ஸில் கண்டக்டர், கைக்குழந்தையோடு ஒரு பெண், எனக்கு முன் சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர். பனியன் கம்பெனிப் பங்குதாரர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"கோயமுத்தூர் ஷோரூம்ல காருக்குள்ள ஏற உட்டாங்களா மச்சா?"

"ஏறறதா? அதுல படுக்கோணும் மாப்ள. எறங்கறதுக்கு ஷோரூம் பசங்க கை குடுத்துத் தூக்கி உட்டாங்க."

கண்டக்டர் சிரித்துவிட்டார்.

"செவப்புக் கலருதான?"

"செவப்பேதான். நீ, நானு, பழனியப்பன் மூணு பேரும் ஒரே மொபெட்டுல பனியன் மூட்டை கொண்டு போறப்ப பேசுவமே, பெரிய ஆளானா மூணு பேரும் இப்புடியொரு காருல போகோணும்னு. அதே கலரு."

"மூட்டை மேல உக்காந்துட்டுப் பழனியப்பன் வாயிலயே ஹாரன் அடிப்பான்."

சிரித்துக்கொண்டே அவரே கேட்டார்.

"அட்வான்ஸ் கட்டிட்டயா?"

"கட்டுல."

"ஏன், மரியாதை இல்லையா?"

"மரியாதைக்கென்ன, காப்பி குடுத்து, சார் சார்னு தாங்குனாங்க. நாந்தான் பழனியப்பன் ஏறப் பின்னாடிக் கதவைத் தேடுனேன். காணம். எத்தன பேரு போலாம் கண்ணுன்னு அந்தப் பையனைக் கேட்டேன்."

"என்னன்னான்?"

"ரெண்டு."