அஞ்சு நல்ல நாள்

அட, மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? தோள்ல சாஞ்சதுல நான் என்ன தேஞ்சா போயிட்டேன்? நாப்பது நிமிஷம் தூங்கினீங்க. ஆமா, மணி பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கெட்ட பழக்கம், யாரு தூங்கினாலும் எத்தனை மணிக்குத் தூங்கினாங்க, எப்ப எழுந்தாங்கன்னு பாப்பேன். வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்கினீங்க. அதைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், சரி, சொல்லிட்டேன், விடுங்க.

எனக்கா? எனக்கு வராதும்மா. பஸ்லயும் வராது, பஞ்சு மெத்தையிலயும் வராது. நான் வேலை பாத்த இடத்துல எனக்கு ஆந்தையக்கான்னே பேரு. லாண்டிரி. ஹோட்டலுக்கெல்லாம் படுக்கை விரிப்பு துவைச்சு, இஸ்திரி போட்டு அனுப்பற பெரிய லாண்டிரி. ஊர்ல இருக்கறவங்க எல்லாம் நல்லாத் தூங்கணும்னு நான் நாள் பூரா அந்தச் சூட்டுல நிப்பேன். தலையெழுத்தைப் பாருங்க.

இல்லை இல்லை, வியாதி எல்லாம் இல்லை. தம்பிக்காக முழிச்சு முழிச்சு அப்படியே ஆயிடுச்சு. குழந்தையா? அவனுக்கு நாப்பத்திமூணு வயசும்மா! மீசை நரைச்சிடுச்சு. ஆட்டிசம்னு சொல்லுவாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா? அதான் பாருங்க, உடனே குழந்தையான்னு கேட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு, டீச்சர் இருக்கு, பொம்மை இருக்கு, கலர் பென்சில் இருக்கு. அந்தப் புள்ளைங்க வளர மாட்டாங்களா? வளர்ந்தா எங்க போவாங்கன்னு யாராவது யோசிச்சாங்களா? எங்கேயும் போக மாட்டாங்க. அக்கா வீட்லதான் இருப்பாங்க.

தூங்காமலா? அய்யோ, நல்லாத் தூங்குவாம்மா அவன். ஏழு மணி நேரம், அடிச்சுப் போட்ட மாதிரி. எப்பத் தூங்கறான்கறதுதான் விஷயம். இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குத் தூங்கினான்னா நாளைக்குப் பதினோரு மணி. அதுக்கு மறுநாள் பன்னெண்டு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு. போயிக்கிட்டே இருக்கும். பத்துப் பன்னெண்டு நாள்ல பட்டப்பகல்ல தூங்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருப்பான். இன்னொரு பத்துப் பன்னெண்டு நாள்ல சுத்தி வந்து மறுபடியும் ராத்திரியில நிக்கும். டாக்டர்தான் சொன்னாரு, நமக்கெல்லாம் உள்ளுக்குள்ள இருபத்திநாலு மணி நேரம் ஓடுதும்மா, உங்க தம்பிக்கு இருபத்தஞ்சு ஓடுதுன்னு. மாத்திரை குடுத்தாரு. காலையில வெளிச்சத்துல உக்கார வைங்கன்னாரு. மூணு மாசம் கேட்டுச்சு, ஊரே எங்களைப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சும்மா, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் மறுபடியும் அதே கதைதான். எல்லாருக்கும் இப்படி இருக்காதாம். சிலருக்கு வேற மாதிரி கெடுமாம். எங்களுக்கு வாய்ச்சது இது.

ராத்திரியானா படுக்கச் சொல்லலாமேன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லிப் பாக்காமலா இருப்பேன்? நீங்க போயி காலையில ஒம்பது மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தூக்கம் வராம கண்ணை மூடிப் படுத்துக் கிடந்து பாருங்க, அவனுக்கு ராத்திரி அப்படித்தான். ஒரு நாள் கிடப்பீங்க. ரெண்டு நாள் கிடப்பீங்க. அவன் பாவம், நாலு நாள் கூடக் கிடந்தான், நான் கேட்டுக்கிட்டேன்னு. அஞ்சாவது நாள் செவுத்துல தலையை முட்ட ஆரம்பிச்சான். அதோட நான் விட்டுட்டேன்.

ராத்திரியில சும்மா இருக்க மாட்டானே. குழாயைத் தொறந்து தண்ணி விழற சத்தம் கேப்பான். அலமாரியில இருக்கற துணி எல்லாத்தையும் எடுத்து மறுபடியும் மடிப்பான். நடப்பான். வாசக்கதவுலேருந்து அடுப்படி வரைக்கும் பதினாலு அடி, திரும்பிப் பதினாலு அடி. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால மேல இடிப்பாரு. இவன் அந்த இடிக்குத் தகுந்த மாதிரி நடப்பான்! சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, நானும் அப்பச் சிரிச்சேன். மறுநாள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. ஆறு வீடு மாறியாச்சும்மா.

கேட்டீங்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். வேலையும் வாங்கிக் குடுத்தேன், எங்க லாண்டிரியிலயே. அவன் மடிச்ச விரிப்பைப் பாக்கணும் நீங்க. ஓரத்துக்கு ஓரம் நூல் பிசகாது. சூப்பர்வைசர் எடுத்து எல்லாருக்கும் காட்டினாரு, இதைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு. முதல் நாள் எட்டு மணிக்கு வந்தான். ரெண்டாம் நாள் ஒம்பது. மூணாம் நாள் பத்து. பதினோராவது நாள் ஷட்டரை இறக்கிக்கிட்டு இருக்கறப்போ குளிச்சு, தலை சீவி, டிபன் பாக்ஸோட வந்து நிக்கறான். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், அன்னைக்கு அவரே அவனை வீட்ல கொண்டு வந்து விட்டுட்டுப் போனாரு. அதோட சரி.

கல்யாணமா, ஆச்சு. ரெண்டு வருஷம் இருந்தாரு. நல்லவர்தான்ம்மா, அவர் மேல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் கெட்டவர் எவ்வளவு நாளைக்குத்தான் நல்லவரா இருப்பாரு? நீயா, உன் தம்பியான்னு எல்லாம் சண்டை போடலை. ஒரு நாள் காலையில தலையணையை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. துணிமணி கூட அப்புறமாத்தான் வந்து எடுத்தாரு.

அப்பல்லாம் அம்மா இருந்தாங்க. நானும் அவங்களும் முறை வெச்சு முழிச்சிருப்போம். அம்மா போனதும் அவன் தூங்கற நேரத்துலதான். காலையில பத்து மணிக்கு எடுக்கணும், ஒம்பதுக்கெல்லாம் இவன் தூங்கிட்டான். உலுக்கி உலுக்கிப் பாத்தேன், கண்ணைத் தொறந்தான், ஒண்ணும் ஏறலை. சாயங்காலம் எழுந்து வந்து அம்மா எங்கன்னான். எடுத்துட்டோம்டான்னேன். அன்னைக்கு ராத்திரி அம்மா துணி எல்லாத்தையும் எடுத்து மடிச்சான். விடியற வரைக்கும் மடிச்சான். நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷம் நான் ஒருத்திதான்.

தனியாச் சமாளிக்கறதுக்குத்தான் ஒரு காலண்டர். அடுப்படியில மாட்டியிருப்பேன். இந்த நாள் இவன் இத்தனை மணிக்குத் தூங்குவான்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே போட்டு வெச்சுருவேன். ஒரு ரவுண்டுல அஞ்சு நாள் பச்சைக் கோடு. அந்த அஞ்சு நாளும் அவன் ஊரோட தூங்கி ஊரோட எழுந்திருப்பான். முடி வெட்டறது, பல் டாக்டர், பேங்க், எல்லாம் அந்த அஞ்சு நாளைக்குள்ளதான். அந்த அஞ்சு நாள் அவனைப் பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் கம்மியாப் பேசுவான், கண்ணைப் பாக்க மாட்டான், அவ்வளவுதான். உங்க புருஷன் கூட அப்படித்தான் இருப்பாரு, இல்லையா?

எனக்கு அம்பத்தியொண்ணும்மா. போன வருஷம் இஸ்திரி மெஷின்ல நின்னுக்கிட்டே கண் அசந்துட்டேன். இதோ பாருங்க, மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும். வெந்தது கூட உடனே தெரியலை, அவ்வளவு அசதி. அப்பத்தான் முடிவு பண்ணினேன், எங்கேயாவது சேத்துடணும்னு. இவனை மாதிரி வளந்தவங்களைச் சேத்துக்கற இல்லம் தேடினா ஒண்ணுதான் கிடைச்சுது. பரவாயில்லை, சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அஞ்சு நாள் வெச்சுப் பாப்பாங்களாம். ராத்திரி ஒம்பது மணிக்கு விளக்கை அணைக்கறாங்க, காலையில ஆறரைக்கு மணி அடிக்கறாங்க. அதுக்குப் பொருந்தினா கையெழுத்து. பொருந்தலைன்னா கூட்டிட்டுப் போயிடணும்.

ஆங், கரெக்ட்டாப் புடிச்சுட்டீங்க. அஞ்சு நாள், பச்சைக் கோடும் அஞ்சு நாள். கடவுளே குடுத்த மாதிரி இருந்துச்சு. ஆனா முதல் தடவை நான் சொதப்பிட்டேம்மா. அந்த மாசம் அவனுக்குக் காய்ச்சல். அசந்து படுத்துக் கிடந்ததையும் நான் தூக்கம்னு நெனச்சுக் கணக்குல சேத்துட்டேன். பச்சைக் கோடு ரெண்டு நாள் தள்ளி விழுந்துடுச்சு. இந்தத் தப்பை எல்லாம் உலகத்துல வேற யாரு பண்ணுவா சொல்லுங்க? அஞ்சாவது நாள் காலையில மணி அடிக்குது, இவன் தூங்கி நாலரை மணி நேரம்தான் ஆகுது. அங்க வேலை பாக்கற ரெண்டு பேரு சேந்து போர்வையை உருவித் தண்ணியை ஊத்தியிருக்காங்க. பயந்து தள்ளிவிட்டிருக்கான், ஒருத்தருக்குக் கை ஒடைஞ்சுடுச்சு. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போன் வந்துச்சு.

எட்டு மாசம் கழிச்சு அந்த இல்லத்து வார்டன் அம்மா கால்ல விழாத குறையாக் கேட்டு மறுபடியும் ஒரு தேதி வாங்கினேன். புது மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னேன். பொய்தான். இந்தத் தடவை நாலு தடவை சரிபாத்தேன். முதல் ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிட்டான், மூணு மணிக்கு முழிப்பு. மணி அடிக்கற வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாதுடான்னு சொல்லியிருந்தேன், இறங்கலை. அடுத்த நாள் ஒம்பது, பத்து, பதினொண்ணு, எல்லாம் பச்சைக் கோட்டுல போச்சு. நேத்து ராத்திரி பன்னெண்டு. இன்னைக்குக் காலையில அரை மணி நேரம் லேட்டா எழுந்தானாம், அவ்வளவுதான். வார்டன் அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, ரொம்ப மாறிட்டாரும்மா உங்க தம்பின்னாங்க. கையெழுத்துப் போட்டேன். இனிமே திருப்பி அனுப்ப மாட்டாங்க, அப்படித்தான் பேப்பர்ல இருக்கு.

ஆமாம்மா, இன்னைக்குத்தான். அங்கேருந்து நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இதுல ஏறினேன். நீங்க ஏற்கனவே ஜன்னலோரம் உக்காந்திருந்தீங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு மணி. நாளைக்கு ரெண்டு. பத்து நாள் கழிச்சு காலையில பதினோரு மணிக்குப் படுப்பான். என்ன பண்ணுவாங்களா? தெரியலைம்மா. தெரியலைன்னு சொன்னா பொய். கடைசி ரூம்ல ஒரு கட்டில் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் பெல்ட் மாதிரிப் பட்டை தொங்குச்சு. எதுக்குன்னு நான் கேக்கலை, அவங்களும் சொல்லலை.

போனா? பண்ணுவாங்க. நான் எழுதிக் குடுத்தது லாண்டிரி நம்பர். அங்க நேத்தோட நின்னுட்டேன். வீட்டையும் காலி பண்ணிட்டேன். இறங்கற ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது, அதுக்குத்தானே போறேன். ஒரு ரூம் எடுத்துத் தூங்கணும். தூங்கிட்டு எழுந்தா நான் எப்படிப்பட்டவள்னு எனக்கே தெரிஞ்சுடும், அதுவும் பயமாத்தான் இருக்கு.

இல்லைம்மா, அழலை. அவனும் அழலை. கிளம்பறப்போ கட்டில்ல உக்காந்து தன் விரிப்பை மடிச்சுக்கிட்டிருந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான். அக்கா, இன்னையிலேருந்து எனக்கு இவங்க மணி பொருந்தாதே, அவங்ககிட்ட சொல்லிட்டியான்னு.

சொல்லிட்டேன்டான்னேன்.

சரின்னான். நான் ஒண்ணு சொன்னா அவன் அதுக்கு மேல கேக்க மாட்டாம்மா.