லீலாபாயின் முன்பற்கள்

லேஸ் பின்னுகிறவளுக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம், போதகர் ஐயா. கண் மங்கினாலும் விரல் தானாகப் போய் நூலைப் பிடித்துக்கொள்ளும். மிஷன் லேஸ் பள்ளியில் என் முடிச்சு அவிழ்ந்ததாக எந்த மிசியம்மாவும் சொன்னதில்லை. அம்மையும் அப்பாவும் போனபிறகு அந்த வேலையை வைத்துத்தான் என் தங்கை லீலாபாயை வளர்த்து ஆளாக்கினேன். இதை மறந்துவிட்டு மற்றதைக் கேட்காதீர்கள்.

ஜான்ரோஸும் அவர் தாயாரும் குழித்துறைக்கு வந்தது என்னைப் பெண் பார்க்கத்தான். நான் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தேன். லீலா சாயா கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் ஏதோ கேட்டதற்குச் சிரித்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அது வெளியே தெரியுமே என்ற கூச்சம்கூடக் கிடையாது. அந்த அம்மாள் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு என்னிடமே சொன்னாள்: “கேட்டியா மக்கா, எங்களுக்கு எளையவ போரும். அந்தப் பல்லுச் சந்த மட்டும் அடைச்சுத் தந்திரு.”

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனாலும் அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனது நான்தான். மோட்டார் பஸ்ஸில் வாந்தியெடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

பல் டாக்டர் அல்போன்ஸ், ரப்பர் குழாயில் நறுக்கிய மெல்லிய வளையம் ஒன்றை அந்த இரண்டு பற்களையும் சுற்றி மாட்டினார். அது இறுக்கி இறுக்கிப் பற்களைச் சேர்த்துவிடுமாம். வளையம் மேலே ஏறாதிருக்க, பட்டுநூலால் அதைப் பக்கத்துப் பல்லோடு கட்டினார். நூலை அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் வந்துபோக முடியாதென்றேன். நான் லேஸ்காரி என்று கேட்டதும் அவருக்குச் சந்தோஷம்.

“அப்போ நீங்களே கெட்டலாம். ஒண்ணு மட்டும் ஓர்ம வச்சுக்கிடுங்க. வளையத்தக் காணல்லன்னா விழுந்துட்டுன்னு நெனைக்கப்பிடாது. ஈறுக்குள்ள ஏறியிருக்கும். வேரு வழியா ஏறி ஏறிப் பல்லையே கழத்திப்போடும். ஒடனே கூட்டிட்டு வந்திரணும்.”

லீலா அப்போது வெளியே கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அவள் இதைக் கேட்கவில்லை.

முதலில் ஒழுங்காகத்தான் கட்டினேன். பற்கள் நெருங்க நெருங்க அவள் கண்ணாடியே கதியென்று கிடந்தாள். “அக்கா, பாத்தியா? அவியளுக்குப் பிடிக்கும்லா?” என்பாள். ஒருநாள் காலையில் பழைய நூலை வெட்டினேன். புது நூல் கட்டவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை.

கொஞ்ச நாளில், “வளையத்தக் காணல்லியேக்கா,” என்று வந்து நின்றாள்.

“சோத்தோட முழுங்கியிருப்ப ஏட்டி. பல்லுதான் சேந்துட்டுல்லா, இனி அது எதுக்கு?”

அவள் நிம்மதியாகப் போனாள். நான் சொன்னால் அவளுக்கு அதற்குமேல் பேச்சில்லை.

நீங்கள் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஈறு வீங்கியிருந்தது. இந்த விவாகத்துக்குத் தடை சொல்கிறவர்கள் உண்டானால் சொல்லலாம் என்றீர்கள். நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிராம்புத் தைலம் தடவினேன். உப்புவெந்நீர் போட்டுக் கொடுத்தேன். என்னைக் கொடுமைக்காரி என்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஓலைக்குள் பற்கள் கீழே இறங்கி நீண்டுவிட்டன. மூன்றாவது ஓலை வாசித்த அன்று மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கைக் கடித்தாள். இரண்டு பல்லும் கிழங்கிலேயே நின்றுவிட்டன. வேரைச் சுற்றி வளையம் அப்படியே இருந்தது. அவள் அழவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்து, “நான் முழுங்கல்லியேக்கா,” என்றாள். நான் வாங்கி அடுப்பில் போட்டேன்.

ஜான்ரோஸின் தாயார் ஆள் விட்டுக் கல்யாணத்தை நிறுத்தினாள். பல்லைப் பார்த்துப் பெண்ணெடுக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? அந்தக் கூட்டத்திடமிருந்து என் தங்கையைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது அவள் சிரிப்பதில்லை. கோயிலுக்கும் வருவதில்லை. கஞ்சியை மசித்து நான்தான் கொடுக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது.

ஜான்ரோஸ் உங்களிடம் சொன்னது உண்மைதான், ஐயா. போன வாரம் தாயாருக்குத் தெரியாமல் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். “பல்லு போனா போவட்டு. நான் லீலாவத்தான் கெட்டுவேன். அவகிட்ட சொல்லுங்க,” என்றார். அவர் முகத்தில் விழிக்கவே லீலாவுக்கு விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். லீலா அடுக்களையில்தான் இருந்தாள். யார் வந்தது என்று கேட்டாள். துணி வியாபாரி என்றேன்.

நீங்களும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இன்னொரு ஏமாற்றத்தை அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள்.